ஹால் டிவிக்கு ஒரு லினக்ஸ் கன்சோல்: வடசென்னை வீடுகளுக்கான வழிகாட்டி

தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைப் பக்கம் பல வீடுகளில் இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று தொடாமலே இருக்கின்றன. ஒன்று, ஹால் சுவரில் மாட்டிய 32 அங்குல டிவி. இன்னொன்று, அண்ணனோ அக்காவோ காலேஜ் முடித்த பிறகு துணி போட்டு மூடி வைத்த கம்ப்யூட்டர். இடையில் ஒரு எச்டிஎம்ஐ கேபிளும் ஒரு ஜாய்ஸ்டிக்கும் வந்து, உள்ளே விண்டோஸுக்குப் பதிலாகக் காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளமும் ஏறினால், வீட்டில் எல்லோரும் பாயில் உட்கார்ந்து சேர்ந்து விளையாடலாம். புதுக் கன்சோலுக்கு ஆகும் பணம் இதற்குத் தேவைப்படாது.

வேலை முடிந்ததா என்று பார்க்க எனக்கு ஒரே ஒரு சோதனைதான். கம்ப்யூட்டரே தொட்டுப் பழகாத ஒருவர், அம்மாவோ நாலாவது படிக்கும் தம்பியோ, கீபோர்டையும் மவுஸையும் தேடாமல், ஜாய்ஸ்டிக்கை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒரு விளையாட்டைத் தொடங்கி, ஆடி, பெட்டியை அணைக்க முடிய வேண்டும். அதுவரை அது டிவியில் செருகிய கம்ப்யூட்டர்தான். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் இந்தச் சோதனையில் தேறுவதற்காகவே.

எது ஓடும், எது ஓடாது

முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். காசு செலவழித்த பிறகு தெரிந்தால் மனசு கஷ்டப்படும்.

கம்ப்யூட்டர் விளையாட்டுகளை இணையத்தில் விற்கும் ஸ்டீம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம் 2018 ஆகஸ்டில் ப்ரோட்டான் என்ற மென்பொருளை வெளியிட்டது. விண்டோஸுக்காக எழுதிய விளையாட்டை லினக்ஸில் ஓடவைப்பது அதன் வேலை. 2022 பிப்ரவரியில் வந்த ஸ்டீம் டெக் கையடக்கக் கருவி முழுக்க இதை நம்பித்தான் ஓடுகிறது. அந்தக் கருவிக்காக ஆண்டுக்கணக்கில் நடந்த செப்பனிடும் வேலையின் பலன், இன்று சாதாரண லினக்ஸ் பெட்டி வைத்திருக்கும் நமக்கும் அப்படியே கிடைக்கிறது. தனியாக ஆடும் விளையாட்டுகளில் மிகப் பெரும்பாலானவை ஓடிவிடும். ஒரு விளையாட்டை வாங்குமுன் ப்ரோட்டான்டிபி தளத்தில் அதன் பெயரைத் தேடுங்கள். லினக்ஸில் ஆடிப் பார்த்தவர்கள் தங்கம், பிளாட்டினம் என்று தரம் போட்டு, எந்த கிராபிக்ஸ் கார்டில் எப்படி ஓடியது என்றும் எழுதியிருப்பார்கள்.

ஓடாதவை பெரும்பாலும் ஆன்லைன் போட்டி விளையாட்டுகள். ஏமாற்றுபவர்களைப் பிடிக்க விண்டோஸின் அடிமட்டம்வரை இறங்கிக் கண்காணிக்கும் மென்பொருளை அவை கேட்கும். வேலரன்ட், ஃபோர்ட்நைட், கம்ப்யூட்டரில் ஆடும் பப்ஜி, புதிய கால் ஆஃப் டூட்டி எதுவும் வராது. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் ஓடிக்கொண்டிருந்தது, 2024 இறுதியில் அதையும் நிறுத்திவிட்டார்கள். ஜிடிஏ 5 கதைப் பகுதி ஓடும், ஆன்லைன் ஓடாது. தெருவுக்கு ஒரு கால்பந்து அணி இருக்கும் வியாசர்பாடிக்கு இன்னொரு வருத்தமான செய்தி: இஏ நிறுவனத்தின் எஃப்சி கால்பந்து விளையாட்டுகளும் இதே காரணத்தால் லினக்ஸில் ஓடுவதில்லை. உங்கள் வீட்டுப் பையனுக்கு அது ஒன்றுதான் வேண்டும் என்றால் இந்த வழி உங்களுக்கு இல்லை. மறுபுறம், கவுன்டர்-ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 இரண்டுக்கும் லினக்ஸுக்கென்றே தனிப் பதிப்பு உண்டு. இரண்டும் இலவசம்.

பெட்டிக்குள் என்ன இருக்க வேண்டும்

விண்டோஸ் விளையாட்டு டைரக்ட்எக்ஸ் என்ற முறையில் கிராபிக்ஸ் கார்டிடம் பேசும். ப்ரோட்டான் அதை வல்கன் என்ற வேறொரு முறைக்கு உடனுக்குடன் மாற்றித் தருகிறது. எனவே உங்கள் கிராபிக்ஸுக்கு வல்கன் ஒழுங்காகத் தெரிந்திருக்க வேண்டும். எந்தப் பெட்டி தேறும் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இதுதான்.

இன்டெல் நான்காம் தலைமுறை ஐ3, ஐ5 பெட்டிகள் நம் பக்கம் நிறைய உண்டு. அவற்றின் பிராசசரோடு வரும் கிராபிக்ஸில் வல்கன் அரைகுறை. தனியாக ஒரு கார்டு போட்டால்தான் அந்தப் பெட்டி உதவும். ஆறாம் தலைமுறையிலிருந்து வல்கன் ஒழுங்காக இருக்கும், சின்ன விளையாட்டுகள் கார்டு இல்லாமலே ஓடும். 2011 முதல் அரசு மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப் வீட்டில் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். பெரிய விளையாட்டை அது தாங்காது. ஆனால் சூப்பர்டக்ஸ் போன்ற எளிய விளையாட்டுகளுக்குப் போதும். உள்ளறையில் வலுவான கம்ப்யூட்டர் ஒன்று இருந்தால், அங்கே ஓடும் விளையாட்டை நெட்வொர்க் வழியாக ஹால் டிவிக்குக் கொண்டுவரும் வேலையையும் இதற்குக் கொடுத்துப் பார்க்கலாம். ஸ்டீம் லிங்க், மூன்லைட் என்ற இரண்டு இலவச மென்பொருள்கள் அதற்கு இருக்கின்றன.

புதிதாகச் சேர்ப்பவர்களுக்கு நான் சொல்வது ஏஎம்டி ரைசன் 5 5600ஜி. நல்ல கிராபிக்ஸ் பிராசசரோடு சேர்ந்தே வருகிறது, தனிக் கார்டு வேண்டாம். ஆனால் ஒன்றைப் பிடிவாதமாகக் கேளுங்கள்: ரேம் 16 ஜிபி வேண்டுமென்றால் எட்டு எட்டாக இரண்டு குச்சி போடச் சொல்லுங்கள். கடையில் "ஒரே 16 போட்டுக்கலாம் சார், அப்புறம் இன்னொண்ணு சேர்த்துக்கலாம்" என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். இந்த வகை கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது, ரேமைத்தான் பயன்படுத்தும். ஒரு குச்சி என்றால் ரேமுக்குப் போகும் பாதை பாதியாகிறது. விளையாட்டின் வேகம் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு விழும். பெட்டி தொடங்கும்போதே நுழையும் அமைப்புத் திரையான பயாஸில், கிராபிக்ஸுக்கு ஒதுக்கும் நினைவகத்தை 2 அல்லது 4 ஜிபி என்று வைத்துவிடுங்கள்.

கார்டு வாங்குவதாக இருந்தால் ஏஎம்டி நல்லது. அதற்கான டிரைவர் லினக்ஸோடு கூடவே வந்துவிடும். என்விடியா என்றால் ஜிடிஎக்ஸ் 16 வரிசைக்குக் கீழே போகாதீர்கள். 900, 1000 வரிசைகளுக்குப் புதிய டிரைவர் தருவதை என்விடியா முடித்துக்கொண்டுவிட்டது. விலை மலிவு என்று 1050 டிஐயைக் கையில் திணித்தாலும் வாங்க வேண்டாம்.

உங்கள் டிவி 32 அங்குல எச்டி ரெடி வகையா? கவலைப்படாதீர்கள், இது உங்களுக்குச் சாதகம். அந்தத் திரையில் இருப்பது ஏறக்குறைய 1366க்கு 768 புள்ளிகள். முழு எச்டியில் பாதிதான். முழு எச்டியான 1080பி-யில் திணறும் சின்ன கார்டுகூட 720பி-யில் நிம்மதியாக ஓட்டும். பெரிய டிவி வாங்கினால்தான் விளையாட முடியும் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம்.

வாங்கப் போகும்போது

திருவொற்றியூர், தண்டையார்பேட்டையிலிருந்து மெட்ரோவில் ஏறினால் வண்டி மாறாமல் அரசினர் தோட்டத்தில் இறங்கலாம். ரிச்சி தெரு அங்கிருந்து நடந்து போகும் தூரம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். அலுவலகங்களிலிருந்து வந்த பழைய டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க் பெட்டிகள் அங்கே கிடைக்கும். எட்டாம் தலைமுறை ஐ5 உள்ள ஒன்று நல்ல தொடக்கம். ஒல்லியான பெட்டியாக இருந்தால் இரண்டைக் கவனியுங்கள். அதற்குள் முழு உயரக் கார்டு நுழையாது, லோ புரொஃபைல் கார்டுதான் வேண்டும். அதற்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸில் கார்டுக்கான தனி மின்கம்பியும் பெரும்பாலும் இருக்காது. ஆகவே ஸ்லாட்டில் வரும் மின்சாரத்திலேயே ஓடும் ஜிடிஎக்ஸ் 1650 லோ புரொஃபைல் போன்றதைக் கேளுங்கள். ஆர்எக்ஸ் 580 மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி வந்தால், அதற்குக் கொடுக்க எட்டு பின் கம்பி இல்லாமல் எஸ்எம்பிஎஸ்ஸையும் மாற்ற வேண்டிவரும்.

கிளம்பும்போது லினக்ஸின் ஒரு வகையான லினக்ஸ் மின்ட் ஏற்றிய பென்டிரைவ் ஒன்றை எடுத்துப் போங்கள். எதையும் நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே அது இயங்கும். கடையிலேயே பெட்டியில் செருகி ஓடவிட்டு, திரை, சத்தம், வைஃபை, ஒவ்வொரு யூஎஸ்பி துளை என்று எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். செகண்ட் ஹேண்ட் கார்டுகளில் கிரிப்டோ நாணயம் எடுக்கும் வேலையில் இரவு பகலாக உழைத்தவையும் கலந்திருக்கும். ஃபேன் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டு, சோதனை உத்தரவாதம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே லினக்ஸ் இருந்தால்

உபுண்டுவோ மின்ட்டோ ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியை அழிக்கத் தேவையில்லை. ஸ்டீம் தளத்தில் கிடைக்கும் டெப் கோப்பை இறக்கி நிறுவுங்கள். உபுண்டுவின் கடையில் வரும் ஸ்னாப் வடிவம் சிலருக்குத் தொல்லை கொடுக்கிறது, அதைத் தவிர்ப்பது மேல்.

ஸ்டீமுக்குள் அமைப்புகளில் இன்டர்ஃபேஸ் பகுதிக்குப் போனால், கம்ப்யூட்டர் தொடங்கும்போதே ஸ்டீமும் தொடங்க ஒரு விருப்பமும், பிக் பிக்சர் முறையில் திறக்க இன்னொரு விருப்பமும் இருக்கும். இரண்டையும் இயக்குங்கள். பிக் பிக்சர் என்பது தூரத்திலிருந்து பார்க்கப் பெரிய எழுத்தும், ஜாய்ஸ்டிக்கில் நகரும் மெனுவும் கொண்ட முகப்பு. பிறகு காம்பேட்டிபிலிட்டி பகுதியில் எல்லா விளையாட்டுகளுக்கும் ப்ரோட்டான் இயங்கும்படி இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது லினக்ஸ் பக்கம். கடவுச்சொல் கேட்காமல் தானே உள்ளே போகும் ஆட்டோமேட்டிக் லாகினை இயக்குங்கள். திரைப் பூட்டையும், சும்மா இருந்தால் திரை அணைவதையும் நிறுத்துங்கள். ஜாய்ஸ்டிக்கில் ஆடிக்கொண்டிருப்பதைச் சில நேரம் கணினி உணராது, ஆட்டத்தின் நடுவே திரை இருண்டுவிடும். இன்னொன்றைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஆட்டோ லாகின் போட்ட பிறகு, வைஃபை கடவுச்சொல்லைத் திறக்க கீரிங் என்ற பெட்டி எழும்பி நின்று கீபோர்டு கேட்கும். நெட்வொர்க் அமைப்பில் உங்கள் வைஃபையை எல்லாப் பயனர்களுக்கும் பொதுவாக்கிவிட்டால் அது வராது. கேபிளில் இன்டர்நெட் வந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை. இத்தனையும் செய்து ஒருமுறை அணைத்துப் போட்டுப் பாருங்கள். கீபோர்டு தொடாமல் ஸ்டீம் முகப்பு வந்து நிற்க வேண்டும்.

புதிதாகத் தொடங்கினால்: பஸைட்

ஹாலுக்கென்றே பெட்டியை ஒதுக்குகிறீர்கள் என்றால் பஸைட் என்ற லினக்ஸ் போடுங்கள். ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸின் மேல் கட்டியது. ஸ்டீம் டெக்கில் வருவது போன்ற கேமிங் மோடில் நேராகத் திறக்கும். மேலே சொன்ன ஆட்டோ லாகின், திரைப் பூட்டு வேலைகள் எதுவும் இதில் உங்களுக்கு இல்லை. இதை நான் பரிந்துரைக்க இன்னொரு காரணமும் உண்டு. இதன் அப்டேட் முழு அமைப்பாக ஒரே பொதியில் வருகிறது, பழைய பொதியும் வட்டில் பத்திரமாக இருக்கும். அப்டேட்டுக்குப் பின் ஏதாவது கெட்டால், பெட்டி தொடங்கும்போது வரும் பட்டியலில் முந்தையதைத் தேர்ந்தெடுத்தால் பழையபடி ஓடும். பக்கத்தில் கேட்க ஆளில்லாத புதியவருக்கு இது பெரிய பாதுகாப்பு.

நிறுவுமுன் பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் போட்டோ, சான்றிதழ் எல்லாவற்றையும் வேறிடத்தில் நகல் எடுத்துவிடுங்கள். இது முழு வட்டையும் அழிக்கும். முடிந்தால் எஸ்எஸ்டி ஒன்று போடுங்கள்.

1. பஸைட் தளத்தின் இறக்கும் பக்கத்தில் சில கேள்விகள் வரும். டெஸ்க்டாப் பெட்டியா, எந்த நிறுவனத்தின் கிராபிக்ஸ், எந்த முகப்பு என்று கேட்டு, கடைசியில் ஸ்டீம் கேமிங் மோட் வேண்டுமா என்று கேட்கும். வேண்டும் என்று சொல்லுங்கள். இந்தக் கேள்வியைத் தவறவிட்டால் சாதாரண டெஸ்க்டாப்தான் வரும். முகப்பில் கேடிஈ எடுக்கலாம், விண்டோஸ் பழகியவர்களுக்குக் கை வரும்.

2. 16 ஜிபி பென்டிரைவில் ஃபெடோரா மீடியா ரைட்டர் என்ற மென்பொருளைக் கொண்டு, இறக்கிய கோப்பை எழுதுங்கள். இதே வேலைக்குப் பலர் எடுக்கும் வென்டாய் மென்பொருளைப் பயன்படுத்த வேண்டாம், பஸைட்காரர்களே அதை ஆதரிப்பதில்லை.

3. பயாஸில் செக்யூர் பூட்டை அணைத்துவிடுவது எளிது. பிறகு பென்டிரைவிலிருந்து தொடங்குங்கள். டெல், லெனோவோவில் எஃப்12, எச்பியில் எஃப்9, எம்எஸ்ஐ போர்டில் எஃப்11 அழுத்தினால் பட்டியல் வரும்.

4. வட்டைத் தேர்ந்து, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து, நிறுவச் சொல்லுங்கள். நேரம் எடுக்கும். நடுவில் கரண்ட் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

5. முதல் முறை திறக்கும்போது இன்டர்நெட் தேவை. ஸ்டீமில் நுழைய நீளமான கடவுச்சொல்லை டிவியில் தட்ட வேண்டாம். போனில் ஸ்டீம் ஆப் திறந்து திரையில் தெரியும் கியூஆர் குறியைக் காட்டினால் போதும்.

டிவியும் சத்தமும்

டிவியில் படத்தின் ஓரங்கள் வெட்டுப்பட்டுத் தெரிந்தால், பட அளவு அமைப்பில் ஜஸ்ட் ஸ்கேன் அல்லது ஸ்கிரீன் ஃபிட் என்று இருப்பதைப் போடுங்கள். பிக்சர் மோடில் கேம் என்று இருந்தால் கட்டாயம் அதற்கு மாற்றுங்கள். டிவி படத்தை மெருகேற்ற எடுத்துக்கொள்ளும் நேரத்தை அது குறைக்கும், நீங்கள் பொத்தானை அழுத்துவதும் ஆள் குதிப்பதும் ஒன்றாக நடக்கும். சத்தம் வரவில்லை என்றால் ஆடியோ அமைப்பில் எச்டிஎம்ஐயைத் தேர்ந்தெடுங்கள்.

எச்டிஎம்ஐ கேபிளை இரண்டு பக்கமும் கரண்டை நிறுத்திவிட்டுச் செருகுங்கள். பழைய வீடுகளில் எர்த் சரியாக இல்லாமல், பெட்டியைத் தொட்டால் மெல்ல ஷாக் அடிக்கும். அந்த மின்சாரம் கேபிள் வழியாக டிவியின் துளையைப் பொசுக்கிவிடக்கூடும். டிவியும் பெட்டியும் ஒரே மூன்று பின் போர்டில் இருக்கட்டும். ஷாக் அடிக்கிறது என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் பார்த்த பிறகே மேலே போங்கள்.

ஜாய்ஸ்டிக்

எக்ஸ்பாக்ஸ், பிளேஸ்டேஷன் 4, 5 கன்ட்ரோலர்கள் எல்லாம் லினக்ஸில் நன்றாக வேலை செய்யும். பிளேஸ்டேஷன் கன்ட்ரோலர்களுக்கான டிரைவரை சோனியே எழுதிக் கொடுத்திருக்கிறது. எக்ஸ்பாக்ஸ் என்றால் தலைப்பக்கத்தில் இருக்கும் சின்னப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் புளூடூத்தில் தெரியும். பிளேஸ்டேஷன் 4 என்றால் ஷேர் பொத்தானையும் நடுவில் இருக்கும் பிஎஸ் பொத்தானையும் விளக்கு படபடக்கும்வரை சேர்த்துப் பிடிக்க வேண்டும்.

பர்மா பஜார் பக்கம் கிடைக்கும் வயருள்ள மலிவு ஜாய்ஸ்டிக்கும் போதும். சிலவற்றில் எக்ஸ், டி என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். எக்ஸில் வையுங்கள். டியில் இருந்தால் பொத்தான்கள் இடம் மாறிப் புரட்டிவிடும். டவரின் பின்புறம் செருகிய புளூடூத் குச்சி அடிக்கடி துண்டித்துக்கொண்டால், சிறிய யூஎஸ்பி நீட்டிப்புக் கம்பி போட்டு முன்பக்கம் கொண்டுவாருங்கள். யூஎஸ்பி 3 துளைகள் கிளப்பும் இரைச்சல் புளூடூத் அலைவரிசையில்தான் விழுகிறது, தள்ளி வைத்தாலே சரியாகும்.

எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டிய பொத்தான் நடுவில் இருப்பதுதான். அதை அழுத்தினால் எங்கிருந்தாலும் ஸ்டீம் மெனு வரும், அணைக்கும் வழியும் அங்கேதான். அதைப் பிடித்துக்கொண்டு ஏ அழுத்தினால், பிளேஸ்டேஷனில் எக்ஸ் அழுத்தினால், பக்கவாட்டில் ஒரு குறுமெனு வரும். பஸைட் போட்டவர்கள் அங்கே நொடிக்கு எத்தனை படம் என்பதை 30, 40 என்று கட்டுப்படுத்தலாம். சின்னப் பெட்டியில் 60க்கு ஆசைப்பட்டு ஏறி இறங்குவதைவிட, 40இல் ஒரே சீராக ஓடுவது கண்ணுக்கும் கைக்கும் இதம். பெட்டியின் சூடும் குறையும்.

முதலில் என்ன ஆடுவது

சேர்ந்து ஆடும் விளையாட்டில் தொடங்குங்கள். சூப்பர்டக்ஸ்கார்ட் இலவசம், திறந்த மூலம். ஒரே டிவியைப் பிரித்துக்கொண்டு நாலு பேர் வண்டி ஓட்டலாம். ஸ்டீமில் கிடைக்கும் பிராலஹல்லாவும் இலவசம், அடிதடி பிடித்தவர்களுக்கு. காசு கொடுத்து வாங்குவதென்றால் ஸ்டார்டியூ வேலி குடும்பத்தோடு பொறுமையாக ஆட ஏற்றது. ஸ்டீமில் விலை ரூபாயில்தான் இருக்கும். கோடை, குளிர்காலத் தள்ளுபடிகளுக்குக் காத்திருந்தால் மிக மலிவாகக் கிடைக்கும். எபிக் என்ற இன்னொரு விளையாட்டுக் கடை வாராவாரம் இலவசமாகத் தருபவற்றை ஹீரோயிக் என்ற மென்பொருள் மூலம் இறக்கி, ஸ்டீம் மெனுவிலேயே சேர்த்துவிடலாம்.

பெரிய விளையாட்டுகள் 50, 100 ஜிபி வரும். நண்பர் வீட்டில் அதே விளையாட்டு இருந்தால் இன்னொரு முறை இறக்க வேண்டாம். 2023இல் ஸ்டீமில் சேர்த்த வசதிப்படி, ஒரே நெட்வொர்க்கில் இருக்கும் இரண்டு கம்ப்யூட்டர்கள் விளையாட்டுக் கோப்புகளைத் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளும். இருவரிடமும் அந்த விளையாட்டு சொந்தமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்துத் தெருவுக்குப் போய்வந்தால் வேலை முடிந்தது. பழைய விண்டோஸ் வட்டை அப்படியே செருகி அதில் விளையாட்டுகளை வைக்காதீர்கள். என்டிஎஃப்எஸ் வடிவில் இருக்கும் வட்டில் ப்ரோட்டான் மக்கர் செய்யும். லினக்ஸ் வடிவுக்கு மாற்றிப் பயன்படுத்துங்கள்.

நம் ஊர்க் காற்றுக்கும் கரண்டுக்கும்

காசிமேடு, ராயபுரம், எண்ணூர் கடலோரத்தில் உப்புக்காற்று இரும்பை அரிக்கும். எண்ணூர், மணலிப் பக்கம் தூசியும் சேர்ந்துகொள்ளும். பெட்டியின் காற்று நுழையும் இடங்களில் மெல்லிய வலை ஒட்டி, மாதம் ஒருமுறை தட்டிச் சுத்தம் செய்யுங்கள். அலுவலகப் பெட்டியைத் திறந்து ஃபேனில் படிந்த தூசியை பிரஷ்ஷால் எடுங்கள், ஈரத்துணி வேண்டாம். டிவி ஸ்டாண்டின் மூடிய அலமாரிக்குள் பெட்டியை வைத்தால் சூட்டில் வேகம் குறைந்துவிடும். நாலு பக்கமும் காற்றுப் போகும் திறந்த தட்டில் வையுங்கள், தரையில் வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் தண்ணீர் வீட்டுக்குள் வந்ததைப் பார்த்தவர்களுக்கு நான் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

சின்ன யுபிஎஸ் ஒன்று அவசியம். கரண்ட் போனதும் சேமித்து, ஒழுங்காக அணைக்க நேரம் கிடைத்தால் போதும்.

கடைசியாக, படிக்கிற பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு. ஸ்டீம் ஃபேமிலீஸ் என்ற வசதியில் ஆறு பேர்வரை சேரலாம். ஒருவர் வாங்கிய விளையாட்டை, பகிர அனுமதி உள்ளதாக இருந்தால், மற்றவர்களும் ஆடலாம். பெற்றோர் கணக்கிலிருந்து பிள்ளையின் கணக்குக்கு ஒரு நாளில் எத்தனை மணி நேரம், எந்த நேரத்திலிருந்து எந்த நேரம்வரை என்று வரம்பு போடலாம். இதைப் பிள்ளைக்குத் தெரியாமல் செய்ய வேண்டாம். பக்கத்தில் உட்காரவைத்து, பரீட்சைக் காலத்துக்கு எவ்வளவு, லீவு நாளுக்கு எவ்வளவு என்று பேசி முடிவு செய்து, அவர்கள் கண்முன்னாலேயே போனில் பதியுங்கள். கூடுதல் நேரம் வேண்டுமானால் பிள்ளை அங்கிருந்தே கேட்கலாம், நீங்கள் வேலையிடத்தில் இருந்தபடியே போனில் ஒப்புதல் தரலாம்.